மடையான் முதுகில் மண் ஏறிய கதை

அந்தக் காலத்தில் கொக்கு பேசினால் மனிதருக்குப் புரியும். மனிதர் பேசினால் கொக்குக்கும் புரியும். ஆனாலும் இரண்டு பேருக்கும் நடுவே நல்ல பேச்சு என்று எதுவும் நடந்ததில்லை. மனிதர் கொக்கைப் பார்த்தால் "மீன் திருடி" என்று திட்டுவார்கள். கொக்கு மனிதரைத் தூரத்தில் கண்டதுமே, "கல்லெறிகிறவர்கள் வருகிறார்கள்" என்று கத்திக்கொண்டே பறந்துவிடும்.

அப்போது எல்லாக் கொக்கும் வெள்ளை. நெட்டைக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, மஞ்சள் பாதக் கொக்கு எல்லாமே வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருக்கும்.

நெடுங்கரை ஏரியில் இருந்த கொக்குகளில் ஒருவன் மட்டும் குட்டை. காலும் குட்டை, கழுத்தும் குட்டை. மற்றவர்கள் ஏரிக்குள் நடந்து போய் ஆழத்தில் மீன் பிடிப்பார்கள். இவன் அப்படிப் போனால் வயிறு நனையும். அதனால் கரை ஓரத்திலேயே நிற்பான். நின்ற இடத்தில் நின்றபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். காலையில் நின்றால் வெயில் ஏறும் வரைக்கும் அசைய மாட்டான். அப்படிப் பார்த்துப் பார்த்து, மேலே தண்ணீர் லேசாகச் சுருங்கினாலே கீழே போவது கெண்டையா, தவளையா, வெறும் காற்றா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மற்ற கொக்குகள் அவனைக் குட்டையன் என்று கூப்பிட்டன. அவனும் அதைப் பெயராகவே எடுத்துக்கொண்டான்.

அந்த ஏரிக்கு மடை காப்பவள் காத்தாயி. மடை என்றால் ஏரிக் கரைக்கு அடியில் தண்ணீர் வெளியே போகக் கட்டிய வாய். அதைத் திறப்பது, மூடுவது, வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கு போட்டு விடுவது, கரையில் நண்டு வளை விழுந்தால் அடைப்பது எல்லாம் அவள் வேலை. உயரமான பெண். வாய் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் சடையன் ஆட்டுக் கிடையோடு மேற்கே போயிருந்தான். காத்தாயிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை தங்கியிருந்த புதிது. காலையில் எது வாயில் போட்டாலும் குமட்டும்.

அந்த வருஷம் மழை இல்லை. ஏரி சுருங்கிச் சுருங்கி மடையை ஒட்டி ஒரு குட்டையாக நின்றது. களத்தில் தானியம் இல்லை. குதிரில் கை விட்டால் அடி தட்டியது. ஊருக்கு மிஞ்சியது ஏரியில் கிடந்த மீன்தான்.

ஊர் நாட்டாண்மை அய்யாக்கண்ணு எல்லாரையும் கூட்டினார். குரல் பெருத்த மனிதர். கோபம் சட்டென்று வரும். ஆனால் கெட்டவர் இல்லை. பசித்த பிள்ளைகள் காலிச் சட்டியை விரலால் வழித்து நக்குவதை முந்தின நாள்தான் பார்த்திருந்தார்.

"இனிமே ஏரி மீன் ஊர் மீன். ஒரு பறவை இறங்கக் கூடாது. இறங்கினா அடிங்க. காத்தாயி, நீதான் எப்பவும் கரையில இருக்கே. கவணை எடுத்துக்க" என்றார்.

காத்தாயி கவண் எறிந்தால் குறி தப்பாது. நாரைகள் போய்விட்டன. நீர்க்காகங்கள் போய்விட்டன. நெட்டைக் கொக்குகளும் கூட்டமாகக் கிழக்கே பறந்தன. குட்டையன் மட்டும் போகவில்லை. ஏரிக்குள் நின்ற மருத மரத்தில் அவன் கூடு இருந்தது. கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் இருந்தன. பெண்கொக்கு குஞ்சுகளுக்கு வெயில் படாமல் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. இரை கொண்டுவர வேண்டியவன் அவன்தான்.

அவன் இறங்குவான், கவண் சுழலும் சத்தம் கேட்டதும் எழும்பிவிடுவான். ஒரு மீனும் கிடைக்காது. குஞ்சுகள் கத்திக் கத்திக் கடைசியில் கத்துவதையும் நிறுத்திவிட்டன. அன்று குட்டையன் கவண் சத்தம் கேட்டும் எழும்பவில்லை. அலகுக்கு நேரே ஒரு கெண்டை நின்றுகொண்டிருந்தது. கொத்தினான். அதே நேரத்தில் கல் வந்து இறக்கையின் நுனியில் பட்டது. சுருண்டு சேற்றில் விழுந்தான்.

காத்தாயி இறங்கி வந்து காலைப் பிடித்துத் தூக்கினாள். தலைகீழாகத் தொங்கிய நிலையிலும் அவன் அலகிலிருந்து மீனை விடவில்லை.

"உசிரு போறப்பக்கூட மீனை விடமாட்டியா?" என்றாள் காத்தாயி.

மீனைத் தொண்டையில் ஒதுக்கிக்கொண்டு குட்டையன் சொன்னான்: "எனக்குன்னா எப்பவோ விட்டிருப்பேன். என்னைக் கொன்னுக்க. இந்த மீனை மட்டும் அந்த மரத்தடியில போட்டுட்டுப் போ. என் பொண்டாட்டி வந்து எடுத்துக்குவா."

காத்தாயி மருத மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கூட்டின் விளிம்பில் மூக்கு மூக்காக ஏதோ தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. காலையில் கஞ்சிகூடக் குடிக்காத வயிறு, வெறும் தண்ணீராக வந்தது. கரையில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான் குட்டையன். இன்னும் தலைகீழாகத்தான் இருந்தான்.

"பிள்ளை உண்டாகியிருக்கேன்."

"அப்போ சாப்பிடாம இருக்காதே. என் பொண்டாட்டி முட்டையிடறதுக்கு முன்னாடி இப்படித்தான் சோர்ந்து கெடந்தா."

காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லால் அடித்தவளுக்கே பத்தியம் சொல்கிறது இது! அவனை நேராகப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இறக்கையைப் புரட்டிப் பார்த்தாள். எலும்பு உடையவில்லை.

"குட்டையா, இங்க பாரு. ஊர் சொன்ன சொல்லை நான் மீற முடியாது. ஏரி மீன் ஊருக்கு. அது அப்படியே இருக்கட்டும். ஆனா மாடு குடிக்கறதுக்கும், அந்தக் கேழ்வரகுக் கொல்லைக்கும் தினம் கொஞ்சம் மடையைத் திறந்து விடறேன். அந்தத் தண்ணியோட அயிரையும் பொடிக் கெண்டையும் வெளியே வந்துடும். வாய்க்கால்ல தண்ணி வத்தினதும் சேத்துல கெடந்து சாகும். யாரும் பொறுக்கறதில்லை. அது ஏரி மீன் இல்லை. நீ மடைக்கு வெளிப்பக்கம் வந்து நில்லு. வர்றதைத் தின்னு. உள்ளே மட்டும் வராதே."

"நீ பக்கத்துல இருப்பியே."

"நான்தானே மடையைத் திறக்கணும்? இருக்கத்தான் செய்வேன்."

குட்டையன் நெடுநேரம் யோசித்தான். அவன் இனத்தில் ஒருவனும் மனிதர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றதில்லை. நினைத்தாலே முதுகு கூசியது. ஆனால் குஞ்சுகள் கத்தாமல் கிடந்தது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

மறுநாள் காத்தாயி மடையைத் திறந்தபோது வாய்க்கால் ஓரத்தில் குட்டையன் நின்றான். அவள் மண்வெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அவன் உடம்பு குறுகியது. இறக்கை பறக்கத் துடித்தது. அவள் அவனைப் பார்க்காத மாதிரியே வேலை செய்தாள். தண்ணீரோடு ஒரு அயிரை நழுவி வந்தது. கொத்தினான். இன்னொன்று வந்தது. கொத்தினான். மருத மரத்தில் மறுபடியும் கத்தல் கேட்டது. காத்தாயி அதைக் கேட்டுக்கொண்டே மடையை மூடினாள்.

இது நாட்டாண்மை காதுக்குப் போகாமல் இருக்குமா? அய்யாக்கண்ணு வந்தார். வாய்க்காலில் கொக்கு நிற்பதையும், பக்கத்திலேயே காத்தாயி நிற்பதையும் பார்த்தார். குட்டையன் பறந்து மரத்துக்குப் போய்விட்டான்.

"காவலுக்கு வச்சா, கள்ளனுக்குச் சோறு போடறியா?"

"ஏரியில அவன் காலே வைக்கலை, மாமா. வாய்க்கால்ல சாகப்போற மீனைத் திங்கறான். நீங்க வேணும்னா அந்தச் சேத்துல இறங்கிப் பொறுக்குங்க, அவனைப் போகச் சொல்றேன்" என்றாள் காத்தாயி.

அய்யாக்கண்ணு வாய்க்காலைப் பார்த்தார். சேற்றில் நகம் அளவு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. யாருக்கும் ஆகாதவைதான். மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி. மடைக்கு வெளியே நின்னா நிக்கட்டும். உள்ளே ஏரிப் பக்கம் அவனை என் கண்ணால பார்த்தேன், நானே அடிப்பேன். உன்னையும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மரத்திலிருந்து குட்டையன் அதைக் கேட்டான்.

அந்தக் கோடை முழுவதும் அப்படியே போனது. குஞ்சுகள் இறகு முளைத்துப் பறந்தன. குட்டையனுக்கும் காத்தாயிக்கும் பேச்சு வளர்ந்தது. அவள் புருஷனைப் பற்றிக் குறை சொல்லுவாள். அவன் நெட்டைக் கொக்குகளைப் பற்றிக் குறை சொல்லுவான். சில நாள் இரண்டு பேரும் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்ற யாராவது வந்தால் மட்டும் குட்டையன் எழும்பிப் பறந்துவிடுவான். காத்தாயி ஒருத்தியிடம் வந்த நம்பிக்கை மனித இனத்துக்கே வந்துவிடவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. வராத மழையெல்லாம் சேர்ந்து வந்தது. மண் குடித்து, குளம் குட்டை எல்லாம் குடித்து, ஏரி நிறைந்தது. நட்ட பயிர் முழங்கால் உயரம் எழுந்து நின்றது. போன பறவைகள் திரும்பி வந்து, தண்ணீர் நின்ற தரிசுகளில் எல்லாம் மேய்ந்தன. ஏரியில் மட்டும் இறங்க முடியவில்லை. "மீன் குஞ்சு பெருகட்டும். அறுப்பு வரைக்கும் கட்டுப்பாடு உண்டு" என்று அய்யாக்கண்ணு சொல்லிவிட்டார். பட்ட பசி அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

காத்தாயிக்கு நிறைமாசம். சடையன் கிளம்பிவிட்டான் என்று சேதி வந்தது, ஆனால் வழியில் காட்டாறு புரண்டு ஓடியதால் அவனால் கடக்க முடியவில்லை. அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, தலையில் ஓலைக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றி வந்தாள். மழை விடுவதாக இல்லை. கலிங்கு வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஊர் நிம்மதியாக இருந்தது. கரைக்குக் கீழேதான் வயல். வயலுக்குக் கீழே வீடுகள்.

ஒரு நாள் உச்சிப் பொழுது. மழை பெய்துகொண்டிருந்தது. மடை மூடியிருந்தது. குட்டையன் வழக்கமான இடத்தில், கரையின் வெளிப்பக்கம் அடிவாரத்தில் நின்றிருந்தான். மடை மூடியிருந்தாலும் ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் கசியும். அது கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். அதில் ஒரு பொடி மீனாவது வரும்.

அன்று அந்தக் கசிவு சிவப்பாக வந்தது.

குட்டையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். மழைத் தண்ணீர் மேலிருந்து ஓடிக் கலங்குவது வேறு. இது கரைக்கு உள்ளேயிருந்து வந்தது. மண்ணைத் தின்று, அதைக் கரைத்துக்கொண்டு வந்தது. பார்க்கப் பார்க்கக் கசிவு தடித்தது.

பறந்து போய்க் காத்தாயியைக் கூப்பிட்டான். அவள் வந்து பார்த்தாள். முகம் வெளுத்தது.

"உள்ளே ஓட்டை விழுந்திருக்கு, குட்டையா. ஏரிப் பக்கம் எங்கேயோ வாய் திறந்திருக்கு. அதை அடைச்சாத்தான் ஆச்சு. இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள கரை போயிடும்."

இருவரும் கரை மேல் ஏறினார்கள். ஏரி அலையடித்துக்கொண்டிருந்தது. மழைத்துளி விழுந்து தண்ணீர் முழுக்கப் பொரிந்தது. ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் சுழித்து இறங்கும். ஆனால் இந்த மழையில் சுழி எது, அலை எது என்று காத்தாயிக்குத் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள்.

குட்டையன் பார்த்தான். வேறெதுவும் செய்யாமல் தண்ணீரை மட்டுமே பார்த்து வளர்ந்தவன்.

"அதோ. அந்தப் பாசித் துணுக்கு, சுத்திக்கிட்டே உள்ளே போகுது பார்."

"எனக்குத் தெரியலையே!"

"எனக்குத் தெரியுது."

காத்தாயி கையிலிருந்த மூங்கில் கழியை அவன் சொன்ன இடத்தில் குத்தி நட்டாள். அடுத்த அலையில் அடிமண் கரைந்து கழி சாய்ந்தது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு கழி நட்டாள். அதுவும் போனது.

"நான் போய் ஊரைக் கூட்டிட்டு வரணும். என்னால ஓட முடியாது. நான் போய், அவங்க வந்து, மறுபடி இடத்தைத் தேடி..." காத்தாயிக்கு மூச்சு வாங்கியது. "தேடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

குட்டையன் ஏரியைப் பார்த்தான். பிறகு கரையின் இந்தப் பக்கத்தைப் பார்த்தான். அது அவன் கால் வைக்கக் கூடாத பக்கம்.

"நீ போ அக்கா. நான் அங்க நிக்கறேன்."

"உள்பக்கமா? அய்யாக்கண்ணு மாமா..."

"நீ சொல்லி அனுப்பு. 'கொக்கு நிக்கிற இடம்தான் ஓட்டை'ன்னு சொல்லு."

காத்தாயி அவனைப் பார்த்தாள். திரும்பி, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

குட்டையன் சுழிக்குப் பக்கத்தில் கரைச் சரிவில் போய் நின்றான். தண்ணீர் அவன் காலைப் பிடித்து உள்ளே இழுத்தது. நகத்தைச் சேற்றில் ஊன்றிக்கொண்டான். மழை அடித்தது. மருத மரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதில் போய் உட்கார்ந்தால் கரை உடைந்தாலும் கொக்குக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் உடைந்தால் நல்லதுதான், வயலெல்லாம் மீனாகும். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

ஊர் எல்லையில் நின்று காத்தாயி கத்தினாள். "கரை கசியுது! மண்ணெடுத்துக்கிட்டு ஓடுங்க! கொக்கு நிக்கிற இடத்துல போடுங்க!" முதல் பாதி எல்லாருக்கும் கேட்டது. கேட்டதுமே ஊர் கிளம்பிவிட்டது. இரண்டாவது பாதி மழையிலும் கூச்சலிலும் கரைந்துபோனது. ஆண்களும் பெண்களும் மண்வெட்டி, கூடை, வைக்கோல் பிரி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். காத்தாயி பின்னால் தங்கிவிட்டாள். அவளால் நடக்கத்தான் முடிந்தது.

கரை மேல் முதலில் ஏறியவர் அய்யாக்கண்ணு. தண்ணீரைப் பார்த்தார். எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. தெரிந்தது ஒரு வெள்ளைக் கொக்குதான், ஏரிப் பக்கம், தண்ணீர் விளிம்பில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது.

ஊரே அழியப் போகிற நேரம். பயம் எல்லாம் அவருக்குக் கோபமாக வந்தது. "இந்த நேரத்துலயும் உனக்கு மீனா!" என்று கத்தி, ஒரு பெரிய மண்கட்டியைப் பெயர்த்து வீசினார்.

குட்டையன் அது வருவதைப் பார்த்தான். அவர் குனிந்தபோதே பார்த்தான், கை ஓங்கியபோதும் பார்த்தான். அவன் அப்பன், பாட்டன், அவர்களுக்கு முந்தினவர்கள் எல்லாரும் அவன் இறக்கைக்குள் இருந்துகொண்டு "பற, பற" என்று கத்தினார்கள். இறக்கை பாதி திறந்தது. காலடியில் தண்ணீர் இழுத்தது. திறந்த இறக்கையை இறுக்கி மூடிக்கொண்டான்.

மண்கட்டி முதுகில் விழுந்து உடைந்தது. வலியில் அலகு திறந்துகொண்டது. ஆனால் அவன் நகரவில்லை.

அய்யாக்கண்ணு திகைத்து நின்றார். அடித்த பிறகும் பறக்காத கொக்கை அவர் பார்த்ததே இல்லை.

"நல்லா எறிஞ்சீங்க. இன்னும் எறியுங்க. இங்கதான் எறியணும். ஓட்டை என் காலடியிலதான் இருக்கு" என்றான் குட்டையன்.

அவர் சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். கொக்கின் காலைச் சுற்றிப் பார்த்தார். உடைந்த மண்கட்டியின் தூள் வளைய வளையச் சுற்றி, ஒரு புள்ளியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இங்கே!" என்று அவர் போட்ட சத்தம் ஏரியின் அக்கரை வரை கேட்டது. "எல்லாரும் இங்கே! கொக்கு நிக்கிற இடத்துல போடுங்க!"

கூடை கூடையாக மண் வந்தது. வைக்கோல் பிரியைச் சுருட்டி அழுத்தினார்கள், அதன் மேல் களிமண்ணைக் கொட்டினார்கள். நூறு கால்கள் அவனைச் சுற்றி மிதித்தன. நூறு மண்வெட்டிகள் தலைக்கு மேல் ஏறி இறங்கின. குட்டையன் கண்ணை மூடவில்லை. தண்ணீரையே பார்த்தான். மண் விழ விழச் சுழி இடம் மாறியது. அவனும் ஓரடி மாறி நின்று, "இப்போ இங்க இழுக்குது" என்றான். அங்கே கொட்டினார்கள். "இன்னும் இருக்கு" என்றான். மறுபடி கொட்டினார்கள். தலையில், கழுத்தில், மார்பில், முதுகில் சேறு வழிந்து கோடு கோடாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மண் எது, கொக்கு எது என்று தெரியாமல் போனது. குரல் மட்டும் கேட்டது.

"இழுக்கலை" என்றது குரல் கடைசியில். "நின்னுடுச்சு."

அதே சமயம் கரைக்கு வெளிப்பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்: "கசிவு நின்னுடுச்சு! நின்னுடுச்சு!"

ஊர் அப்படியே சேற்றில் உட்கார்ந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். அடைப்பின் மேல் கடைசிக் கூடையைக் கொட்ட வந்த ஒருத்தி, மண் என்று நினைத்துக் குட்டையன் மேலேயே காலை வைக்கப் போனாள். பாதம் படுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது அவன் எழும்பினான்.

மண்ணிலிருந்து வெள்ளை வெடித்துக் கிளம்பியது போல் இருந்தது. அவன் இறுக்கி மூடியிருந்த இறக்கைக்குள் மட்டும் சேறு புகவில்லை. அது துளி அழுக்கு இல்லாமல் பளீரென்று விரிந்தது. அந்தப் பெண் கூடையைப் போட்டுவிட்டு வாயில் கை வைத்தாள்.

அப்போதுதான் காத்தாயி கரை மேல் வந்து சேர்ந்தாள். பறந்து போகும் வெள்ளையைப் பார்த்தாள். அடைப்பைப் பார்த்தாள். "சொன்ன இடத்துலதான் போட்டீங்களா?" என்று கேட்டாள். அய்யாக்கண்ணு தலையை ஆட்டினார். மழைத் தண்ணீர் மீசையில் வழிந்துகொண்டிருந்தது.

மழை விட்ட மறுநாள் காத்தாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வாரமே சடையனும் வந்து சேர்ந்தான்.

குட்டையன் ஏரியில் குளித்தான். மழையில் நனைந்தான். புல்லில் புரண்டான். மண் போகவில்லை. முதுகில் ஈர மண்ணின் நிறம் அப்படியே ஏறிவிட்டது. கழுத்திலும் மார்பிலும் சேறு வழிந்த கோடுகள் அப்படியே நின்றுவிட்டன. நெட்டைக் கொக்குகள் அவனை ஏற இறங்கப் பார்த்து, "மனுசன் வாடை அடிக்குது" என்று தள்ளிப் போய் நின்றன. அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. காத்தாயி குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, அவனைப் பிடித்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கண்ணில் பட்டு எரிந்ததுதான் மிச்சம்.

"போதும் அக்கா, விடு" என்றான். "என் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலை. இப்போ கூட்டுல நான் இருந்தா பருந்துக்கே தெரியலையாம்."

அய்யாக்கண்ணு ஊரோடு வந்தார். கொக்கின் முன்னால் நின்று, துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"நான் எறிஞ்சது தப்பு" என்றார்.

"சரியான இடத்துலதான் எறிஞ்சீங்க."

"அது உன் பெருந்தன்மை. இனிமே ஏரியில நீ எங்க வேணா நில்லு. உள்ளேயும் நில்லு, வெளியேயும் நில்லு. கேக்க ஆளில்லை."

குட்டையன் ஏரியைப் பார்த்தான். வாய்க்காலைப் பார்த்தான். "எனக்கு மடைதான் பழக்கம். அங்கயே நிக்கறேன். தண்ணி எப்படி வருதுன்னு பார்த்துக்கிட்டும் இருக்கலாம்" என்றான்.

"அப்போ அது உன் இடம். மடையில நிக்கிறவன் நீ. மடையான். உன்னையும் உன் பிள்ளைகளையும் இந்த ஊர்ல யாரும் விரட்டக் கூடாது" என்று அய்யாக்கண்ணு சத்தமாகச் சொன்னார். கூட்டம் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தது. குட்டையன் என்பதைவிட அது அவனுக்கும் பிடித்திருந்தது.

அடுத்த முறை அவன் கூட்டில் பொரிந்த குஞ்சுகள் மண்நிறக் கோடுகளோடுதான் பொரிந்தன.

அதற்குப் பிறகு எத்தனையோ ஏரிகள் வெட்டினார்கள், எத்தனையோ மடைகள் கட்டினார்கள். கொக்குகளும் மனிதரும் பேசிக்கொள்வதும் எப்போதோ நின்றுபோனது. ஆனாலும் வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போகிறவருக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், மண்கட்டி மாதிரி ஒன்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அவர் அதைச் சுற்றித்தான் மண்வெட்டியைப் போடுவார். வெளியூர்க்காரர் பார்த்தால், ஆள் வருவதுகூடத் தெரியவில்லையே என்று குருட்டுக் கொக்கு என்பார்கள். அதற்குக் கண் நன்றாகவே தெரியும். நம் கால் தன் மேல் படப்போகும் வரைக்கும் அது பொறுத்திருக்கும், அவ்வளவுதான். பிறகு மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக விரிந்து, இரண்டு வயல் தள்ளி இறங்கி, மறுபடி மண்ணாகிவிடும். நெடுங்கரையில் ஒரு கொக்கு பறக்காமல் நின்றதே, அந்த மழை நாளிலிருந்துதான் மடையான் நம்மைப் பார்த்து முன்கூட்டியே பறப்பதில்லை. நாமும் அதன் மேல் கல் எடுப்பதில்லை.